கொக்கின் இடது பக்கம்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். காலையிலிருந்து தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஆட்களைச் சுடுகிறேன். அதற்குச் சம்பளம் தருகிறார்கள். மலிவான கேமிங் ஹெட்செட்டுகளை வாங்கி, போட்டுப் பார்த்து, வளைத்துப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று வீடியோவில் சொல்லும் சின்னக் கம்பெனி எங்களுடையது. விலை உயர்ந்ததை நாங்கள் தொடுவதில்லை. அதைப் புகழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

சோதிப்பதற்கு என்று எனக்கு ஒரு முறை உண்டு. முதலில் சௌகரியம். காலையில் மாட்டினால் சாப்பாட்டு நேரம்வரை கழற்ற மாட்டேன். மூக்குக்கண்ணாடியின் காம்பைக் காதோடு சேர்த்து நசுக்குகிறதா, காது மெத்தைக்குள் வியர்க்கிறதா, உச்சந்தலையில் வலிக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அடுத்து உறுதி. இரண்டு பக்கத்தையும் பிடித்து அகலமாக இழுப்பேன், தலைப்பட்டையை முறுக்குவேன், மேஜையிலிருந்து தெரியாமல் தள்ளிவிட்டதுபோலத் தள்ளிவிடுவேன். கடைசியாகச் சத்தம். மழை இரைவதுபோல ஒரே சீராக ஒரு ஒலியை ஓடவிட்டால், அது இரண்டு காதுக்கும் பொதுவாக நடு மண்டையில் வந்து உட்கார வேண்டும். பிறகு ஒரு விளையாட்டில் காலிக் கிடங்கு ஒன்றுக்குள் போய் நிற்பேன். எதிரி என்னைச் சுற்றி நடப்பான். அவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று காலடிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துச் சுட வேண்டும்.

ஆபீசில் எனக்குப் 'பாம்புக்காது' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், எனக்கும் அதில் பெருமைதான். சத்தத்தை அளக்க ஒரு கருவி வாங்கலாம் என்று எடிட்டர் மேடம் பலமுறை ஆரம்பித்தார். நான் இருக்கும்போது அது எதற்கு என்று தடுத்தவள் நான்தான்.

அப்படிப்பட்ட எனக்குக் கொஞ்ச காலமாகவே மண்டை காய்ந்துகொண்டிருந்தது. வந்த ஹெட்செட் எல்லாம் இடது பக்கம் சாய்ந்தன. மழைச் சத்தம் நடுவில் உட்காராமல் இடது காதோரமாக ஒதுங்கி நின்றது. சிவப்புக் கோடு போட்டது ஒன்று வந்தது, அதுவும் அப்படி. வாளி மாதிரி தலையில் கவிழும் ஒன்று வந்தது, அதுவும் அப்படி. நானே ஆசையாக வைத்திருந்த பழைய ஹெட்செட்கூட வலது பக்கம் மங்கிப்போய்விட்டது. வயதாகிவிட்டது பாவம் என்று அதற்கு ஒரு வழியனுப்பு வீடியோவே போட்டேன். மற்றவற்றை நார்நாராகக் கிழித்தேன். எல்லாக் கம்பெனியும் ஒரே தொழிற்சாலையில் ஒரே மட்டமான ஸ்பீக்கரை வாங்கிப் போடுகிறார்கள் என்று கேமராவைப் பார்த்து விரலை ஆட்டிச் சொன்னேன். அந்த வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள்.

இடம் வலம் மாற்றிப் போட்டுப் பார்த்தாயா என்று சிலர் கீழே எழுதினார்கள். அவர்களுக்குப் பதில் எழுதுவது வீண். மைக் தண்டு இடது பக்கம் பொருத்தியிருக்கிறது, மாற்றிப் போட்டால் அது பிடரிக்குப் போய்விடும். காது மெத்தையும் சாய்வாக வெட்டியிருக்கும், மாற்றினால் சரியாகப் பொருந்தாது. செருப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க யாராவது கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பார்களா? மாற்றிப் போடுவது சோதனையே இல்லை என்பது எங்கள் அறையில் நான் போட்ட சட்டம்.

அந்தச் சமயத்தில்தான் கொக்கு வந்தது. கம்பெனி வைத்த பெயர் வேறு. மைக் தண்டு கொக்கின் அலகுபோல நீளமாக இருந்ததால் நாங்கள் வைத்த பெயர் அது. பார்க்கச் சுமார்தான். கீல் லேசாகக் கீச்சிட்டது, ஒயர் முரட்டு ஒயர். ஆனால் காது மெத்தை பஞ்சு பஞ்சாக இருந்தது, கண்ணாடிக் காம்பை நசுக்கவில்லை. சரி, சத்தத்தில் கவிழ்க்கும் என்று நினைத்துக்கொண்டே மழையை ஓடவிட்டேன்.

மழை நட்ட நடு மண்டையில் வந்து உட்கார்ந்தது.

எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. கிடங்குக்குள் போய் நின்றேன். வலது பக்கம் நடந்தவனை வலது பக்கமே சுட்டேன், பின்னால் வந்தவனைத் திரும்பிச் சுட்டேன். ஒருத்தனும் தப்பவில்லை. இந்த ஆண்டின் மலிவு ஹெட்செட் இதுதான், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று அன்றைக்கே பேசிப் பதிவுசெய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அது வெளியாக வேண்டும். வருடம் முழுக்க நாங்கள் போடும் வீடியோக்களில் அதைத்தான் ஜனங்கள் நம்பி வாங்குவார்கள்.

வீட்டுக்கு வந்து இதை அவரிடம் சொன்னேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். அவர் சோபாவில் என் இடது பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். அதுவும் கொஞ்ச நாளாக எனக்குப் புரியாத விஷயம்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் இடம் ஜன்னலோரம், என் வலது பக்கம். அங்கேதான் காற்று வரும். திடீரென்று அதை விட்டுவிட்டு, விளக்கு கண்ணைக் குத்தும் இந்த மூலைக்கு வந்துவிட்டார். தெருவில் நடந்தாலும் சுற்றிக்கொண்டு என் இடது பக்கம் வருகிறார். ஏன் என்று கேட்டால், "சும்மாதான்" என்கிறார்.

அதற்கு முன்பு எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல். வர வர நீங்கள் வாயே திறப்பதில்லை, வீட்டில் நான் ஒருத்தி இருப்பதே மறந்துபோச்சா என்று நான் ஒருநாள் பிடிபிடி என்று பிடித்துவிட்டேன். "பேசிட்டுதானே இருக்கேன்," என்று அவர் விழித்தார். எப்போது பேசினீர்கள் என்று கேட்டேன். நான் அதை மனதில் வைத்துக்கொண்டிருந்தேன், இல்லை என்று சொன்னால் பொய். வேறெங்கோ மனதை வைத்துக்கொண்டு இங்கே உடம்பை மட்டும் உட்கார வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பக்கம் மாறி உட்கார்வதுகூட என் முகத்தை நேராகப் பார்க்காமல் இருக்கத்தான் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் கேமராக்காரர் கொக்கைத் தன் தலையில் மாட்டிப் பார்த்தார். அவர் என்னைவிட மூத்தவர், எதையும் நிதானமாகச் சொல்பவர்.

"ஏம்மா, இதுல இடது பக்கம் செத்த மாதிரி இருக்கே."

"எதுல?"

"கொக்குலதான். வலது பக்கம் நல்லா வருது. இடது பக்கம் கிணத்துக்குள்ள இருந்து வருது."

"அண்ணே, கேமராவுக்குக் கண்ணு போதும். காது வேலைய என்கிட்ட விடுங்க."

அவர் ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போய்விட்டார். இது எனக்குப் பிடிக்கவில்லை. பின்னாலேயே போனேன். மேடம் மாட்டிக் கேட்டார். கண்ணை மூடினார், திறந்தார், என்னைப் பார்த்தார்.

"இடது பக்கம் கம்மியாதான் இருக்கு," என்றார்.

நான் வாங்கி மாட்டினேன். மழை நடுவில் அழகாகப் பெய்துகொண்டிருந்தது. அவரிடம் கொடுத்தேன். அவர் மறுபடியும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒரே பொருள், ஒரே ஒயர், ஒரே சத்தம். தலையிலிருந்து தலைக்குப் போகும் வழியில் இதற்கு என்ன ஆகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

"கடையில இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க," என்று கேமராக்காரரை அனுப்பினார் மேடம்.

இரண்டாவது கொக்கு வந்தது. அவர்கள் இரண்டு பேரும் மாட்டிப் பார்த்துவிட்டு, ஆகா, இது சரியாக இருக்கிறது என்றார்கள். நான் மாட்டினேன். அது இடது பக்கம் சாய்ந்தது, வாளியும் சிவப்புக் கோடும் சாய்ந்த அதே சாய்வு. ஆக, எனக்கு நல்லதாக இருப்பது அவர்களுக்குக் கெட்டது. அவர்களுக்கு நல்லது எனக்குக் கெட்டது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு என்னை ஓட்டுகிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். மேடத்துக்கு அந்த அளவுக்கு விளையாட்டுப் புத்தி கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

"கண்ணைக் கட்டுங்க," என்றேன்.

கேமராக்காரர் தன் கைக்குட்டையால் என் கண்ணைக் கட்டினார். இரண்டு கொக்கையும் மாற்றி மாற்றி என் தலையில் வைத்தார். எது எது என்று ஒருதடவைகூடத் தவறாமல் சொன்னேன். பிறகு மேடத்துக்குக் கட்டினோம். அவரும் ஒருதடவைகூடத் தவறவில்லை. ஆனால் நான் நல்லது என்றதை எல்லாம் அவர் கெட்டது என்றார். இரண்டு பேருமே தடுமாறியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு பேருமே உறுதியாக இருந்ததில்தான் எனக்குத் தலை சுற்றியது.

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். கூந்தலை அவிழ்த்துவிட்டுப் பார்த்தேன். தோட்டைக் கழற்றிப் பார்த்தேன். மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கேட்டேன். சுவரில் ஒட்டிய பஞ்சு ஒரு மூலையில் பிய்ந்து தொங்கியது, அதனாலோ என்று அதைக்கூட அமுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டேன். தலையில் மாட்டும் பொருளுக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேமராக்காரர் கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் மனிதர்.

மேடம் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்குச் சளி கிளி பிடிச்சிருக்கா?"

"இல்ல."

"நாளைக்கு வீடியோ போகணும். உங்க வார்த்தைய நம்பி ஜனங்க வாங்கப் போறாங்க. நான் கேக்கறது உங்களுக்குச் சங்கடமா இருக்கும். அந்த வாளி, சிவப்புக் கோடு எல்லாத்தையும் நாம வலது பக்கம் மட்டம்னு சொல்லிட்டோம். அது சரிதானா?"

"சரிதான்."

"சரின்னா, எங்க ரெண்டு பேர் காதும் தப்பா?"

நான் இரண்டு கொக்கின் ஒயரையும் சுருட்ட ஆரம்பித்தேன்.

"ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. நல்லா கேட்டுட்டு ராத்திரிக்குள்ள சொல்லுங்க. கொக்கு போகலாமா வேண்டாமான்னு. சத்தத்துல நமக்கே சந்தேகம்னா, கொஞ்ச நாள் நீங்க நாற்காலிய பாருங்க. சத்தத்த வேற யார்கிட்டயாவது குடுக்கலாம்."

நாற்காலி என்றால் கேமிங் நாற்காலி. எங்கள் ஆபீசில் நாற்காலிப் பிரிவுக்குப் போவது என்றால் உட்கார்ந்து எழுந்திருப்பதுதான் வேலை. என் காதை எடுத்துவிட்டு என் பின்பக்கத்துக்குச் சம்பளம் கொடுக்கிறேன் என்கிறார்களே என்று பஸ்ஸில் உட்கார்ந்து பொருமினேன். கூடவே உள்ளுக்குள் ஒரு பயம் முளைத்திருந்தது. அதற்குப் பெயர் வைக்க நான் தயாராக இல்லை.

வீட்டில் அவர் சீக்கிரமே வந்திருந்தார். இரண்டு கொக்கையும் சோபாவில் போட்டேன்.

"இதுல எது நல்லா இருக்கு, கேட்டுச் சொல்லுங்க. யோசிக்கக் கூடாது. மனசுல பட்டத சொல்லணும்."

அவர் முதல் கொக்கை மாட்டினார். மழையை ஓடவிட்டேன். அந்த நீள மைக்குடன் அவரைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது, ஆனால் சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

"இது இடது பக்கம் கம்மியா இருக்கு," என்றார். மற்றதை மாட்டினார். "இது சரியா இருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எல்லாரும் ஒன்று சேர்ந்துவிட்டீர்களா, மேடம் போன் போட்டாரா, எனக்குக் கிறுக்குப் பிடிக்க வைக்கிறீர்களா என்று கத்தினேன். அவர் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் முடிக்கும்வரை காத்திருந்தார். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்தும்போதும் இப்படித்தான் காத்திருப்பார்போல.

"உனக்கு இது எப்படி கேக்குது?"

"இடது பக்கம் சாயுது. வலது பக்கம் மட்டம்."

"மாத்திப் போட்டுப் பாரேன்."

"மைக் பின்னால போயிடும். மெத்தை பொருந்தாது. அது சோதனையே இல்லங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரியாதுதான். போட்டுப் பாரு."

நான் ஒற்றைக் காலில் நின்றேன். அவர் வாதாடவில்லை. அவர்கள் எல்லாரும் நல்லது என்று சொன்ன கொக்கை எடுத்து, பக்கம் மாற்றி, என் தலையில் அவரே மாட்டிவிட்டார். மைக் தண்டு பிடரியில் குத்தியது. அவர் கையை நீட்டி மழையை ஓடவிட்டார்.

சாய்வு வலது பக்கம் போயிருக்க வேண்டும். ஹெட்செட்டில் கோளாறு என்றால் அது ஹெட்செட்டோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. மழை என் இடது காதோரமே பெய்தது. வலது பக்கம் எங்கேயோ தூரத்தில், பக்கத்து வீட்டு மாடியில் பெய்வதுபோல மெல்லக் கேட்டது.

கழற்றினேன். நேராக மாட்டினேன், இடது. மாற்றி மாட்டினேன், இடது. முதல் கொக்கை எடுத்து மாற்றி மாட்டினேன். வலது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வாளி சாயவில்லை. சிவப்புக் கோடு சாயவில்லை. நான் வழியனுப்பி வைத்த பழைய ஹெட்செட்டுக்கு வயதாகவில்லை. இடது பக்கம் பழுதான ஒரே ஒரு கொக்கு என் கையில் கிடைத்தது. வலது பக்கம் பழுதான என் காதுக்கு அது சரியான ஜோடியாக அமைந்துவிட்டது. அதைத்தான் இந்த ஆண்டின் ஹெட்செட் என்று சொல்லிவிட்டேன்.

அப்போதும் என் புத்தி கிடந்து அடித்துக்கொண்டது. வலது காதை மூடினேன், அவர் போட்டிருந்த டிவி அப்படியே கேட்டது. இடது காதை மூடினேன். டிவியில் ஆட்கள் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாளாக இப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எதிரியின் காலடியைக் கேட்பவளுக்கு இது தெரியவில்லை என்று வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்குப் பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று அவரிடமே சொன்னேன்.

மேடத்துக்குப் போன் செய்தேன். போனைத் தானாகவே இடது காதில் வைத்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"கொக்கு வேண்டாம் மேடம். எங்கிட்ட வந்தது பழுதான பீஸ். வாளி, சிவப்புக் கோடு எல்லாம் நல்லதுதான். நான் சொன்னது தப்புன்னு நானே வீடியோவுல சொல்லிடறேன்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"மாத்திப் போட்டுப் பார்த்தேன்."

"முதல்ல டாக்டரைப் பாருங்க. நாளைக்கே போங்க. நாற்காலி எங்கயும் ஓடிடாது," என்றார். அவர் குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது சரி என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சோபாவில் வந்து விழுந்தேன். அவர் வழக்கம்போல அந்த விளக்கு குத்தும் மூலையில், என் இடது பக்கம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் காலியாகக் கிடந்தது, அங்கேதான் காற்று வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தேன், இவரைப் பார்த்தேன்.

"ஏங்க, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"என்னது?"

"என் காது."

"எனக்கெப்படி தெரியும்? உனக்கே இப்பதானே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் இங்க வந்து உக்காந்தீங்க? ஜன்னல விட்டுட்டு?"

அவர் யோசித்தார். இதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதே அவருக்கு அப்போதுதான் தோன்றியதுபோல இருந்தது.

"அங்க உக்காந்தா நீ பேச மாட்டேங்கற. என்ன சொன்னாலும் பேசாம இருப்ப. என்மேல கோவமோன்னு நினைச்சுப்பேன். ஒருநாள் இந்தப் பக்கம் உக்காந்தேன். பதில் சொன்ன. அதான் இங்கயே உக்காந்துட்டேன்."

வாயே திறப்பதில்லை என்று நான் பிடிபிடி என்று பிடித்த மனிதர், என் மனம் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு சோபாவைச் சுற்றி வந்திருக்கிறார்.

"எழுந்து உங்க இடத்துக்குப் போங்க," என்றேன். "அங்க உக்காந்து ஏதாவது சொல்லுங்க. நான் பார்க்க மாட்டேன்."

அவர் எழுந்து டிவியை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு வண்டி போனது. மேலே மின்விசிறி கடகடத்தது. சோபா லேசாக அசைந்தது, அவர் என் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க," என்றேன்.

பிறகு பொறுக்காமல் திரும்பிப் பார்த்தேன். அவர் வாய் அப்போதுதான் மூடியது.

அவர் எழுந்தார். சோபாவைச் சுற்றிக்கொண்டு வந்தார். விளக்குக்கு முகத்தைக் கொடுத்து என் இடது பக்கம் உட்கார்ந்து, சொன்னதையே மறுபடி சொன்னார்.

"ஒண்ணுமில்ல. காப்பி போடட்டுமான்னு கேட்டேன்."